தறியைக் காத்த சீமாட்டிகள்

ஒரு கைத்தொழில் அழிந்துபோக இடியும் மின்னலும் வேண்டியதில்லை. அதை அறிந்த பாட்டி கண்ணை மூடினால் போதும். அவள் பேத்தி அதைக் கற்றுக்கொள்ளாமல் இருந்தால் போதும். நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு கைமாறி வந்த வித்தை அன்றோடு மண்ணுக்குள் போய்விடும். ஊரில் யாரும் அதற்காக ஒப்பாரி வைப்பதில்லை. கடையில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்று இருந்துவிடுவோம்.

பணம் படைத்தவர்கள் கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறார்கள். அன்னதானம் செய்கிறார்கள். எல்லாம் நல்ல காரியந்தான். ஆனால் ஓர் ஏழையின் கைத்தொழில் செத்துவிடக் கூடாது என்று கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் மூன்று பெண்மணிகளைப் பற்றியும், அவர்கள் காத்த மூன்று தறிகளைப் பற்றியும் இங்கே சொல்லப் போகிறேன். ஒரு தறி நம்முடைய பகாங் மாநிலத்திலேயே இருக்கிறது. இன்னொன்று இத்தாலி நாட்டில் இருக்கிறது. மூன்றாவது சென்னைக் கடற்கரையில் இருக்கிறது.

கதையைக் கேட்டுக்கொண்டே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர் பெயர் நிலைத்தது சரி, நெய்தவள் பிழைத்தாளா?

பெக்கான் நகரத்துப் பட்டு

நம் கேமரன் மலையில் ஓடும் தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாகப் பெருகி, பெக்கான் நகரத்தருகே கடலைச் சேர்கிறது. அந்தப் பெக்கான்தான் பகாங்கின் அரச நகரம். அங்கே, மறைந்த பிரதமர் துன் அப்துல் ரசாக் பிறந்த புலாவ் கெலாடி கிராமத்தில் நெடுங்காலமாகப் பட்டு நெசவு நடந்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் சுலாவெசித் தீவிலிருந்து வந்த பூகிஸ் இனப் பிரபு ஒருவர் இந்த வித்தையை இங்கே கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

திரங்கானு சொங்கெட் துணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொன்னிழையும் வெள்ளியிழையும் மின்னும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் இடுப்பில் பளபளக்கும். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு அதைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. பகாங் நெசவு அப்படி மின்னுவதில்லை. அதன் அழகு கோடுகளில் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைப் பல நிறங்களில் அடுக்கி, வரிவரியாகத் தெரியும்படி நெய்வார்கள். சில துணிகளில் ஊடை நூலை ஆங்காங்கே இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்து நெய்யும்போது அந்த இடங்கள் பூவாகவும் கொடியாகவும் மலரும். கட்டுகிறபோதே, நெய்து முடித்தால் எந்த இடத்தில் எந்தப் பூ வரும் என்று மனக்கணக்குப் போட வேண்டும். ஒரு முடிச்சுத் தவறினால் பூ சிதைந்துவிடும்.

அரண்மனைக்கு வேண்டிய துணியாக இருந்தும், இந்த நெசவு காலப்போக்கில் மெலிந்தது. காரணம் எளியது. ஆலைத் துணி மலிவு. தறியில் குனிந்து வாரக்கணக்கில் நெய்தாலும் கையில் நிற்கும் காசு கொஞ்சம். பிள்ளைகள் பட்டணத்து வேலைக்குப் போய்விட்டார்கள். முதியவர்கள் சிலர்தான் தறியில் மிஞ்சினார்கள்.

இந்த நிலையில்தான் துங்கு அசிசா அமினா மைமூனா இஸ்கண்டாரியா அவர்கள் இதில் கைவைத்தார். அவர் ஜொகூர் அரச குடும்பத்தில் 1960இல் பிறந்தவர்; 1986இல் பகாங் அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். 2019 முதல் 2024 வரை நம் நாட்டின் பேரரசியாராக விளங்கியதை யாவரும் அறிவோம். இப்போது அவர் பகாங்கின் தெங்கு அம்புவான். அரண்மனையில் இருந்துகொண்டு ஆட்களை ஏவியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் தாமே தறியில் அமர்ந்து நெய்யக் கற்றுக்கொண்டார். தறி தெரிந்தவருக்குத்தான் தறிக்காரரின் இடுப்புவலி தெரியும். பகாங் நெசவைத் தாமே உடுத்தினார், விருந்தினர்க்குக் காட்டினார், பயிற்சிக்கு வழிசெய்தார். இன்று அது 'தெனுன் பகாங் டிராஜா', அதாவது பகாங் அரச நெசவு என்ற பெயரில் அறியப்படுகிறது.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. நெய்ய ஆள் இல்லை என்ற குறை வந்தபோது, தறிகள் சிறைச்சாலைக்குள் போயின. குவாந்தானுக்கு அருகிலுள்ள பெனோர் சிறையில் கைதிகளுக்கு இந்தப் பட்டு நெசவு கற்றுத் தரப்பட்டது. பெண்களின் தொழில் என்று சொல்லப்பட்ட தறியில் ஆண் கைதிகளும் அமர்ந்தார்கள். குற்றம் செய்த கை என்று ஊர் ஒதுக்கிய கையால் அரச குடும்பத்துக்கு ஏற்ற பட்டு நெய்யப்படுகிறது. தண்டனை முடிந்து வெளியே வருகிறவனுக்கு ஊர் வேலை தரத் தயங்கும். அப்போது அவனிடம் ஒரு தொழில் இருக்கிறது. அறியாத வயதில் வழிதவறி உள்ளே போய்வந்த பிள்ளைகள் நம் இனத்திலும் உண்டு. அந்தத் தாய்மார்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இத்தாலியச் சீமாட்டி ஆலிஸ்

இனி நூறாண்டு பின்னோக்கிப் போவோம். இத்தாலி நாட்டின் நடுவே, கடலே தொடாத உம்பிரியா என்ற மலைப்பகுதி. அங்கே சித்தா தி கஸ்தெல்லோ என்று ஒரு சிற்றூர். அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் பெரும்பாலும் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். விளைச்சலில் பாதியை நிலத்துச் சொந்தக்காரருக்கு அளந்துவிட வேண்டும். குடியிருக்கும் வீடும் அவருடையதுதான். ஒப்பந்தம் முடிந்து வெளியே போ என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஊரில் லா மொந்தெஸ்கா என்ற பெரிய மாளிகைக்கு உரியவர் லெயோபோல்டோ பிராங்கெத்தி பிரபு. பெரும் செல்வர்; நாடாளுமன்றத்தில் இருந்தவர்; 1876ஆம் ஆண்டிலேயே சிசிலித் தீவுக்குப் போய், அங்குள்ள குடியானவர்கள் படும் பாட்டை நேரில் கண்டு ஆராய்ந்து எழுதியவர். 1900ஆம் ஆண்டில் அவரை மணந்துகொண்டவர்தான் ஆலிஸ். நியூயார்க் நகரத்தில் 1874இல், ஜெர்மன் யூத வங்கிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஐரோப்பாவுக்கு வந்து, பிறகு ரோமாபுரியில் ஏழைகள் நெருங்கி வாழும் சான் லொரென்சோ பகுதியில் தொண்டு செய்தவர். பிறப்பால் அமெரிக்கர், வாழ்வால் இத்தாலியர். அவருக்குப் பணத்துக்குக் குறைவில்லை. உடல் நலத்துக்குத்தான் குறைவு, காசநோய் இருந்தது.

கல்யாணமாகி மறு ஆண்டே, 1901இல், மாளிகையை ஒட்டிக் குடியானவர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். 1902இல் பக்கத்திலுள்ள ரொவிலியானோவில் இன்னொரு பள்ளி. அந்தப் பள்ளிகளில் பாடம் புத்தகத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகள் பாத்தி கட்டினார்கள், செடி வளர்த்தார்கள், மழை, காற்று, பூ பூக்கும் காலம் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து வைத்தார்கள். வயலில் வேலை செய்கிறவன் பிள்ளைக்கு வயலே பாடப்புத்தகம் என்பது அந்த அம்மையாரின் எண்ணம். தேயிலைச் செடிக்கு நடுவே பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகளுக்குத் தேயிலையைப் பற்றி எத்தனை பாடம் சொல்லித் தருகிறோம்? ஆசிரியர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

தொட்டிலும் தறியும் ஒரே கூரையின் கீழ்

பிள்ளைகளுக்குப் பள்ளி கண்ட பிறகு, தாய்மார்களின் நிலை ஆலிஸ் அம்மையாரின் கண்ணில் பட்டது. உம்பிரியப் பெண்களுக்குத் தறி புதிதல்ல. வீட்டுக்கு வீடு மரத்தறி இருந்த காலம் உண்டு. சணல் இனத்து நாரில் நூல் நூற்று, மேசை விரிப்பும் கைத்துண்டும் நெய்வார்கள். நீல நிறத்தில் பறவையும் விலங்குமாக ஓரத்தில் சித்திரம் விழும். ஆலைத் துணி வந்த பிறகு தறிகள் பரணுக்குப் போயின, அடுப்புக்கும் போயின.

1908ஆம் ஆண்டில் ஆலிஸ், 'தேலா உம்ப்ரா' என்ற நெசவுக்கூடத்தை நிறுவினார். உம்பிரியத் துணி என்பது அதன் பொருள். பழைய மரத்தறிகளைத் தேடி எடுத்தார்கள். பழைய சித்திரங்களைப் பார்த்து அப்படியே நெய்யச் சொன்னார்கள். நெய்யும் பெண்களுக்குக் கூலி கொடுத்தார்கள். கணவனில்லாமல் குழந்தையோடு நின்ற பெண்களை ஊர் ஏசியது. நெசவுக்கூடம் அவர்களுக்கும் இடம் கொடுத்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். கைக்குழந்தைக்காரி தறியில் உட்கார்ந்தால் குழந்தையை யார் பார்ப்பது? நெசவுக்கூடத்திலேயே குழந்தைகளுக்கு ஓர் இடம் ஏற்படுத்தினார் அந்த அம்மையார். தாய் இங்கே நெய்வாள். பிள்ளை அங்கே விளையாடும்.

நமக்கு ஆயாக் கொட்டகை தெரியும். விடியுமுன்னே தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். பிள்ளை கொட்டகையில் தூளியில் கிடக்கும். ஒரு ஆயா பல பிள்ளைகளுக்குப் பாலூற்றி, அழுகையை அடக்கி, தாய் வரும்வரை காத்திருப்பாள். அந்த ஆயாக்களை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை அழாமல் இருந்தால் போதும் என்பதுதான் அங்கே நோக்கம். ஆலிஸ் அம்மையாரின் இடத்தில், பிள்ளை அங்கே கற்கவும் வேண்டும் என்பது நோக்கம். அதற்கு அவர் துணைக்கு அழைத்தவர், அந்நாளில் அதிகம் அறியப்படாத ஒரு பெண் மருத்துவர். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

ரோமாபுரியிலிருந்து அடையாற்றுக்கு

மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரியில் அதே சான் லொரென்சோ பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பிள்ளை தன் கையால் தொட்டு, எடுத்து, அடுக்கிக் கற்க வேண்டும் என்பது அவர் முறை. அதைக் கண்டு பிராங்கெத்தி தம்பதியர் வியந்தார்கள். இதை எழுதி வையுங்கள் என்று தூண்டினார்கள். 1909ஆம் ஆண்டு கோடையில் மாண்டிசோரியின் முதல் ஆசிரியப் பயிற்சி வகுப்பு சித்தா தி கஸ்தெல்லோவில்தான் நடந்தது. அவருடைய முதல் நூலும் அதே ஆண்டு அதே ஊரில் அச்சாயிற்று. அந்த நூலைப் பிராங்கெத்தி தம்பதியருக்கே அவர் காணிக்கையாக்கினார். உலகமெல்லாம் இன்று நடக்கும் மாண்டிசோரிப் பள்ளிகளுக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று, நெசவுப் பெண்களின் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்ட இந்தச் சிற்றூர்தான்.

ஆலிஸ் அம்மையார் நெடுநாள் வாழவில்லை. 1911 அக்டோபரில் சுவிட்சர்லாந்திலே காசநோயால் காலமானார். அப்போது வயது 37. கணவர் 1917 நவம்பரில், முதல் உலகப்போரில் தம் நாட்டுப் படை பெருந்தோல்வி கண்ட துயரம் தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எழுதி வைத்த உயிலைத் திறந்து பார்த்தபோது ஊரே திகைத்தது. தம் நிலங்களை, அவற்றில் பாடுபட்ட குடியானவர்களுக்கே அவர் எழுதி வைத்திருந்தார்!

மாண்டிசோரி அம்மையாரோ எங்கெங்கோ சுற்றி, 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும். கீற்றுக் கொட்டகைகளில் 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு வகுப்பு நடந்தது. சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவர் என்று ஆங்கில அரசு அவருடைய மகனைக் காவலில் வைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில், அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளில் மகனை விடுவித்தது. போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கோடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பழக்கினார்.

இத்தாலியத் தறிக்கூடத்தில் முளைத்த விதை இப்படித் தமிழ் மண்ணுக்கு வந்தது. வந்த இடத்தில் இன்னொரு பெண்மணி ஏற்கெனவே தறி போட்டிருந்தார் என்பதுதான் வியப்பு.

கலாசேத்திரத்துச் சேலை

ருக்மிணி தேவி 1904 பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தவர். தந்தையார் பொறியாளர். 1920இல், பதினாறு வயதில், வெள்ளைக்காரரான அருண்டேலை மணந்தபோது சென்னையே கொதித்தது. பிறகு சதிராட்டத்தைக் கற்றுக்கொண்டு 1935இல் மேடையேறினார். குடும்பப் பெண் ஆடுவதா என்று மறுபடியும் கொதித்தது. அவர் கலங்கவில்லை. 1936ஆம் ஆண்டில் ஒரு கலைக்கூடத்தைத் தொடங்கினார். அதுதான் கலாசேத்திரம்.

அவர் பிராங்கெத்தி சீமாட்டியைப் போல மாளிகையும் நிலமும் படைத்தவர் அல்லர். ஆனால் நல்ல குடும்பம், உலகத் தொடர்பு, பெரியவர்களின் நட்பு இவையும் ஒரு செல்வந்தானே! அந்தச் செல்வத்தை எல்லாம் அவர் கலைக்காகவே செலவிட்டார்.

நாட்டியத்துக்கு உடுக்க நல்ல சேலை தேடியபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பாட்டிமார் காலத்துச் சேலைகளின் ஆழ்ந்த நிறமும் அகன்ற கரையும் கடைகளில் இல்லை. மோகம் வேறு பக்கம் போயிருந்தது. பழைய பாணியில் நெய்யச் சொல்லிக் கேட்பாரில்லாததால், நெய்யத் தெரிந்தவர்களும் மறக்கத் தொடங்கியிருந்தார்கள். 1937ஆம் ஆண்டில் கலாசேத்திரத்திலேயே நெசவுப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். பழைய சேலைகளைப் பார்த்து அவற்றின் கரையையும் கட்டத்தையும் கோபுர வரிசையையும் மறுபடி தறியில் ஏற்றினார்கள்.

காஞ்சிப்பட்டில் 'கோர்வை' என்று ஒரு வேலை உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடை. ஒவ்வொரு இழையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் துணைக்கு இன்னொரு கை வேண்டும். வேகமாக நெய்ய முடியாது. அதனால்தான் மலிவாக விற்க நினைப்பவர்கள் முதலில் கைவிடுவது இந்தக் கோர்வையை. இதைக் கைவிட வேண்டாம், பொறுத்திருந்து உரிய விலை கொடுத்து வாங்குகிறோம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கலாசேத்திரம் அப்படிச் சொன்னது. பின்னாளில் 'கலாசேத்திரச் சேலை' என்றே ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. கடுக்காய், இரும்புத் துரு, வெல்லம் இவற்றைக் கொண்டு சாயம் கூட்டிக் கையால் எழுதும் கலம்காரித் துணிக்கும் அங்கே இடம் கிடைத்தது.

துணியோடு அவர் நிற்கவில்லை. தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஏட்டுச் சுவடிகள் சிதறிப் போகாமல், மறு ஆண்டே அவர் பெயரால் நூலகம் அமையத் துணைநின்றவர் ருக்மிணி தேவி. 1944இல் கலாசேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகமாக அவர் மேடையேற்றியது நம்முடைய குற்றாலக் குறவஞ்சியைத்தான்.

இங்கே ஒரு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பரதக்கலை பெரிய வீட்டுப் பெண்களிடம் வந்து மதிப்புப் பெற்ற அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் மேடையை இழந்தார்கள். 1947ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. ஒழிக்க வேண்டிய கொடுமைதான் அது. ஆனால் அவர்களின் கலைக்கும் பிழைப்புக்கும் மாற்று என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கலாசேத்திரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்களையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளையும் ஆசிரியர்களாக வைத்துப் போற்றியது உண்மை. இருந்தாலும், அந்தக் குடும்பங்களில் எத்தனை பெண்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. கலை பிழைத்து, கலைஞர் பிழைக்காமல் போவதும் உண்டு என்பதற்கு இது எச்சரிக்கை.

கொடையும் கூலியும்

ருக்மிணி தேவி 1986 பிப்ரவரி 24ஆம் நாள் மறைந்தார். அவருக்குப் பின் கலாசேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அறிவிக்கப்பட்டது. ஆலிஸ் மறைந்து நூறாண்டு கடந்தும் சித்தா தி கஸ்தெல்லோவில் பழைய மரத்தறிகளில் பெண்கள் நெய்துகொண்டிருக்கிறார்கள். நெசவுக்கூடம் கூட்டுறவாக நடக்கிறது. பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

இந்த மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, மூவரும் பிச்சை போடவில்லை, வேலை கொடுத்தார்கள். பிச்சை வாங்கியவள் மறுநாளும் கையேந்துவாள். கூலி வாங்கியவள் நிமிர்ந்து நடப்பாள்.

இரண்டாவது, தொழிலை மட்டும் பார்க்காமல் தொழில் செய்கிறவளின் வாழ்க்கையைப் பார்த்த இடத்தில்தான் தொழில் வேர் பிடித்தது. குழந்தைக்கு இடம் இல்லையென்றால் தாய் தறிக்கு வரமாட்டாள். உரிய விலை இல்லையென்றால் கோர்வை இருக்காது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிது. கொடை கொடுத்தவர் கையோடு நின்றுவிட்டால் அது ஒரு தலைமுறைக்குத்தான். செய்கிறவர் கைக்கு அது உரிமையாக மாறினால்தான் நிற்கும். பிராங்கெத்தி பிரபு நிலத்தை எழுதி வைத்தாரே, அது அந்த உரிமையின் அடையாளம்.

அப்படி ஒரு பிரபு நமக்கு வாய்க்கவில்லை என்று சிலர் பெருமூச்சு விடலாம். விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்மவர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். அதன் பிறகு பல தோட்டங்கள். அங்கே ஒரு பிரபு உயில் எழுதியதால் குடியானவனுக்கு நிலம் கிடைத்தது. இங்கே கூலிக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். இரண்டில் எது பெரியது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நம்மைக் கையாலாகாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

நம் கையில் என்ன இருக்கிறது?

நம்மிடம் தறி இல்லை. ஆனால் கைத்தொழில் இல்லை என்று சொல்ல முடியுமா? குருத்தோலையைக் கிழித்துக் கிளியும் பூவுமாகத் தோரணம் பின்னுகிற கை நம்மிடம் உண்டு. புள்ளி தவறாமல் வாசல் நிறையக் கோலம் போடுகிற கை உண்டு. காவடி கட்டத் தெரிந்தவர் உண்டு. கரகம் அலங்கரிக்கத் தெரிந்தவர் உண்டு. உறுமிக்குத் தோல் ஏற்றி, நெருப்பில் காய்ச்சி, நாதம் பார்க்கத் தெரிந்த பெரியவர் உண்டு. பிரம்பில் கூடை முடையத் தெரிந்தவரும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார். இவர்களில் யாரிடமாவது நம் பிள்ளைகள் உட்கார்ந்து கற்கிறார்களா? திருவிழாவுக்குப் பிளாஸ்டிக் தோரணம் வாங்குகிறோம்; வாசலுக்குக் கோலம் அச்சிட்ட தாளை ஒட்டுகிறோம்.

பெரிய சீமாட்டி வருவாள் என்று காத்திருக்க வேண்டாம். சின்னக் காரியங்கள் சிலவற்றை நாமே செய்யலாம்.

கோயில் திருவிழாவுக்குக் கடையில் வாங்கும் தோரணக் காசை, பின்னத் தெரிந்த பாட்டிக்குக் கூலியாகக் கொடுக்கலாம். சும்மா செய்து கொடு பாட்டி என்று கேட்கக் கூடாது. வித்தைக்கு விலை உண்டு என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். கூலி வாங்கும் பாட்டியின் பக்கத்தில் இரண்டு பேத்திகள் உட்கார்ந்து கற்க வேண்டும் என்பதையும் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறையில் மாதர் சங்கமோ கோயில் குழுவோ ஒரு நாள் ஒதுக்கி, உறுமி கட்டும் பெரியவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லலாம். அவர் செய்வதைப் படம் எடுத்து, அளவையும் முறையையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இன்று கைப்பேசி இல்லாத வீடு ஏது?

கியா பார்ம் சந்தையில் விடுமுறை நாள்களில் கூட்டம் அலைமோதுகிறது. காய்கறியும் ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கிறது. பொம்மைகளும் சாவிக்கொத்தும் விற்கிறது. நம் பெண்கள் நான்கைந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, தாங்கள் கையால் செய்ததை ஒரு மேசையில் வைத்து விற்றால் யார் தடுக்கப் போகிறார்கள்? முதல் நாள் விற்காமல் போகலாம். தேயிலைச் செடிகூட நட்ட அன்றே கொழுந்து விடுவதில்லையே!

பெக்கானிலே ஓர் அரசியார் தறியில் அமர்ந்தார். இத்தாலியிலே ஒரு சீமாட்டி தறிக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். அடையாற்றிலே ஒரு பெண்மணி பாட்டி காலத்துக் கரையை மறுபடி நெய்யச் சொன்னார். அவர்கள் அவ்வளவு செய்தும், நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓட்டியது பெயர் தெரியாத ஏழைப் பெண்களின் கைதான். அந்தக் கை நம் வீட்டிலும் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பாட்டியிடம், உனக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதோடு விடாமல், அதில் ஒன்றையாவது அவளிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.